சின்னப் பெற்றோல் கார் இறக்குமதி: சீசியில் தொடங்கும் தவறுகள்

ஜப்பானிலிருந்து இலங்கைக்குச் சின்னக் கார் ஒன்றை எடுப்பவர் முதலில் பார்ப்பது ஏல விலை. சுங்கம் முதலில் பார்ப்பது எஞ்சின் கொள்ளளவு, அதாவது சீசி (கன சென்ரிமீற்றர்). இந்த வேறுபாட்டை எல்.சி. (விற்பனையாளருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி உறுதிசெய்யும் கடிதம்) திறக்கும் முன்னரே உணராதவர்கள்தான் துறைமுகத்தில் இலட்சக்கணக்கில் கூடுதலாகக் கட்டுகிறார்கள்.

கீழே வரும் விகிதங்கள், ஐந்து ஆண்டு நெருங்கிய தடைக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் தனிப்பட்ட வாகன இறக்குமதி மீண்டும் திறந்தபோது இருந்தவை. வரி எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இவை போதும். காசு கட்டும் முன் அன்றைய வர்த்தமானியைப் பாருங்கள்.

பெயர்ப்பலகையை நம்பிச் சீசியைக் கணிப்பது

“1.0”, “1.2”, “1.3” எல்லாம் விற்பனைக்காக ஒட்டும் எண்கள். உற்பத்தி வரி (எக்சைஸ்) உண்மையான கன சென்ரிமீற்றருக்கு விதிக்கப்படுகிறது. 1,000 சீசிக்கு மேற்படாத பெற்றோல் காருக்கு ஒரு சீசிக்கு 2,450 ரூபா. 1,000க்கு மேல் 1,300 வரை 3,850 ரூபா. 1,300க்கு மேல் 1,500 வரை 4,450 ரூபா. படி ஏறினால் கூடுதல் சீசிக்கு மட்டுமல்ல, முழுக் கொள்ளளவுக்கும் புதிய விகிதம். 1.3 என்று விற்ற டொயோட்டாவின் 1என்ஆர் எஞ்சின் உண்மையில் 1,329 சீசி. அந்த 29 சீசிதான் அதை அடுத்த படிக்குத் தள்ளும்.

டொயோட்டா ரைஸ் இதற்கு நல்ல பாடம். 2021 நவம்பருக்குப் பின் ஜப்பானில் வந்த பெற்றோல் ரைஸில், நான்கு சில்லு இழுவைக் கார் 996 சீசி டர்போ. இரு சில்லு இழுவைக் கார் 1,196 சீசி. இரண்டின் சி.ஐ.எஃப். பெறுமதியும் (காரின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி சேர்ந்தது) 30 இலட்சம் ரூபா என்று வைத்துக் கணக்கிடுவோம். சுங்க வரி 20 வீதம், அதாவது 600,000. அந்த வரியின் மேல் 50 வீத மேலதிகக் கட்டணம் 300,000. இதுவரை இரண்டும் ஒன்றே.

996 சீசிக்கு உற்பத்தி வரி 2,440,200 ரூபா. 1,196 சீசிக்கு 4,604,600 ரூபா. இதற்கு மேல் 18 வீத வற் (பெறுமதி சேர்) வரி வருகிறது; அது எதன் மீது என்பதைப் பின்னர் பார்ப்போம். மொத்தத்தில் டர்போவுக்கு 4,535,436 ரூபா, மற்றதற்கு 7,089,428 ரூபா. வேறுபாடு 25 இலட்சத்துக்கு மேல். “டர்போ என்றால் வரி கூட” என்று பலர் ஒதுக்கும் கார்தான் இங்கே மலிவு. குதிரை வலுவுக்கு இந்த அட்டவணையில் இடமே இல்லை.

ஆகவே மொடல் குறியீட்டைப் பாருங்கள். ஏ210ஏ டர்போ, ஏ201ஏ 1,196 சீசி பெற்றோல், ஏ202ஏ ஹைபிரிட். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழில் கொள்ளளவு லீற்றரில், இரண்டு தசம இடத்தோடு நின்றுவிடும்: 0.99, 1.19 என்று. வரிக் கணக்குக்கு அது போதாது. எஞ்சின் மொடல் இலக்கத்தை வைத்து உற்பத்தியாளரின் விவரக்குறிப்பில் சரியான சீசியை எடுத்து, அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள்.

சின்ன எஞ்சின் என்றால் அவ்வளவுக்கு வரி குறையும் என்று நினைப்பது

658 சீசி காருக்கு 2,450ஆல் பெருக்கினால் 1,612,100 ரூபா வரும். ஆனால் 1,000 சீசி வரையான படியில் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டு: 1,992,000 ரூபா. இரண்டில் எது கூடவோ அதுவே வரி. சுமார் 813 சீசிக்குக் கீழே எந்த எஞ்சினாக இருந்தாலும் இதே தொகைதான். 660 சீசிக் கார் மலிவாகக் கிடைக்கலாம். உற்பத்தி வரியில் நினைத்த அளவு மிச்சம் வராது.

எச்.எஸ். குறியீட்டை ஏஜென்டிடம் விட்டுவிடுவது

எச்.எஸ். என்பது பொருளை வகைப்படுத்தச் சுங்கம் பாவிக்கும் இலக்கம். பெற்றோல் எஞ்சின் மட்டும் உள்ள கார் 1,000 சீசி வரை 8703.21, அதற்கு மேல் 1,500 வரை 8703.22. 1,200 சீசியும் 1,400 சீசியும் இந்த ஆறு இலக்கத்தில் ஒன்றாகவே இருக்கும். பிரிவது அதற்குப் பின்னால் வரும் தேசிய இலக்கங்களில். விற்பனையாளர் இன்வொய்ஸில் எழுதிய ஆறு இலக்கத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பெற்றோலோடு மின் மோட்டாரும் சில்லை ஓட்ட உதவினால் 8703.40, வெளியிலிருந்து சார்ஜ் ஏற்ற முடிந்தால் 8703.60. சிக்கல் மைல்ட் ஹைபிரிட் கார்களில். 657 சீசி வேகன் ஆர் ஹைபிரிட்டில் இருப்பது ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றான சின்ன மோட்டார். பின்பக்கத்தில் “ஹைபிரிட்” என்று ஒட்டியிருப்பது சான்றல்ல. அந்த மோட்டார் வண்டியை ஓட்டுவதில் பங்கெடுக்கிறதா என்பதே கேள்வி. இப்படியான கார் என்றால், தொழில்நுட்ப விவரங்களோடு சுங்கத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பின் எல்.சி. திறப்பதே பாதுகாப்பு.

சின்ன வான்களில் இன்னொரு ஆசை: 8704 என்ற சரக்கு வாகனக் குறியீட்டில் போட்டுவிடலாம் என்பது. பின்னால் நிரந்தர இருக்கைகள், அவற்றுக்கு இருக்கைப் பட்டிகள், பக்கவாட்டில் கண்ணாடிகள், சாரதிக்கும் பின்பகுதிக்கும் இடையே தடுப்பில்லாமை, உள்ளே பயணிக்கான அலங்காரம் ஆகியவை எல்லாம் பயணிகள் வாகனத்தின் அடையாளங்கள். சுங்கப் பத்திரத்தில் எழுதியதும் பொருளும் பொருந்தாவிட்டால் வாகனமே பறிமுதலாகும் அளவுக்குச் சட்டம் கடுமையானது.

ஏல விலையையே பெறுமதி என்று எடுப்பது

வரிக்கு அடிப்படை சி.ஐ.எஃப். ஜப்பானில் துறைமுகம் வரை கொண்டுபோகும் செலவு, கப்பலில் ஏற்றும் செலவு, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் உள்ளே வரும். யென்னை ரூபாவாக்கும்போது வங்கியில் நீங்கள் வாங்கிய விகிதம் அல்ல, சுங்கம் வெளியிடும் விகிதமே செல்லும். வற் வரியின் அடிப்படை இன்னும் பெரிது: சி.ஐ.எஃப்., அதன் 10 வீதம், சுங்க வரி, மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி எல்லாவற்றையும் கூட்டிய பின்னரே 18 வீதம். வெறும் சி.ஐ.எஃப். மீது 18 வீதம் போட்டுப் பார்த்தவரின் கணக்கு, மேலே சொன்ன டர்போ ரைஸில் மட்டும் 655,236 ரூபா குறைவாக வரும்.

பெற்றோல் காரின் சி.ஐ.எஃப். 50 இலட்சத்தைத் தாண்டினால் சொகுசு வரியும் உண்டு. தாண்டிய தொகைக்கு 100 வீதம். 52 இலட்சம் என்றால் 2 இலட்சம். ரூபா கொஞ்சம் சரிந்தாலே எல்லை தாண்டும் விலையில் கார் எடுக்காதீர்கள். குறைந்தது ஐந்து வீத இடைவெளி விடுங்கள்.

வயதை முதற்பதிவிலிருந்து எண்ணுவது

பாவித்த கார் மூன்று ஆண்டுக்கு மேற்படக்கூடாது. எண்ணத் தொடங்குவது தயாரித்த நாளிலிருந்து. ஜப்பானியச் சான்றிதழில் கண்ணில் படுவது முதற்பதிவு மாதம். கார் அதற்குச் சில மாதங்கள் முன்பே தயாராகியிருக்கலாம். ஆண்டும் ஜப்பானிய முறையில் இருக்கும்: ரெய்வா 5 என்றால் 2023, ரெய்வா 4 என்றால் 2022. செசி (அடிச்சட்டம்) இலக்கத்தை வைத்துத் தயாரிப்பு மாதத்தை எழுத்தில் வாங்குங்கள். கப்பல் ஒரு மாதம் பிந்தினாலும் எல்லைக்குள் நிற்கும் காரையே ஏலத்தில் கேளுங்கள்.

கடைசியாகப் பணம். எல்.சி. திறந்த நாளின் வரி விகிதம் உங்களுக்காகக் காத்திருக்காது. விசேடச் சலுகை அறிவிக்கப்பட்டாலன்றி, சுங்கத்தில் பத்திரம் சமர்ப்பிக்கும் நாளின் விகிதமே பொருந்தும். கார் கடலில் இருக்கும்போதே வர்த்தமானி மாறலாம். கணக்கிட்ட மொத்த வரிக்கு மேல் பத்து வீதமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் தேடும் ஒவ்வொரு நாளுக்கும் துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.