டியர்டிராப் டிரெய்லரின் பின்கதவுக்குக் கீல்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது

மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒரு இரவு முழுக்க மழை. காலையில் காப்பி போடலாம் என்று டிரெய்லரின் பின்கதவைத் தூக்கினேன். கதவின் மேல் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் கீல் பக்கமாக ஓடிவந்து, கீலின் இடுக்கு வழியாக அடுப்பு மேலும் அரிசி டப்பா மேலும் கொட்டியது. வீட்டுக்கு வந்து உள்பலகையைக் கழற்றிப் பார்த்தால், கீல் ஓடிய வரிசை நெடுகிலும் பிளைவுட் கறுத்துப்போய், திருகாணிகள் கையாலேயே கழன்று வந்தன. கதவு ஒருநாளும் கீழே விழவில்லை, எடையையெல்லாம் கீல் நன்றாகத்தான் தாங்கியது. தண்ணீர்தான் மரத்தைத் தின்றுவிட்டது. அதனால் இந்தக் கதவுக்குக் கீல் தேடும்போது எவ்வளவு எடை தாங்கும் என்பதைவிட, தண்ணீரை எப்படித் தள்ளும் என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

டியர்டிராப் தெரியாதவர்களுக்கு: முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து, கண்ணீர்த்துளி வடிவில் இருக்கும் சின்ன டிரெய்லர். 1930களிலிருந்தே அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் கட்டி வருகிறார்கள். உள்ளே இருவர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் சமையலறை. 4 அடிக்கு 8 அடி, அல்லது 5 அடிக்கு 10 அடி, பெரும்பாலும் இந்த அளவுகள்தான்.

கீலுக்கு வருவோம். வீட்டுக் கதவுக்குப் போடுவதுபோல் இரண்டு மூன்று தனித்தனிக் கீல்கள் இங்கே உதவாது, நடுவில் இருக்கும் இடைவெளியெல்லாம் மழைக்கு வாசல். பக்கக் கதவுகளுக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பின்கதவுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நீளமாக ஓடும் கீல்தான் வேண்டும். அதில் இரண்டு வகை.

ஒன்று பியானோ கீல். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் முதுகைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்: சின்னச் சின்னக் குழல்கள் வரிசையாக நிற்கும், நடுவே ஒரு கம்பி ஓடும், ஒவ்வொரு குழலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மயிரிழை அளவு சந்து இருக்கும். 5 அடி நீளத்தில் அப்படி எத்தனை சந்துகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பியானோ கீல்தான் போடப்போகிறீர்கள் என்றால் துருப்பிடிக்காத எஃகில் வாங்கி, அதன் அடியில் சுமார் 4 அங்குல அகலத்தில் ஒரு ஈபிடிஎம் ரப்பர் பட்டையை (வெயில் மழை தாங்கும் செயற்கை ரப்பர்) கூரையிலிருந்து கதவுவரை விரித்து, அதன் மேல் கீலை முடுக்குங்கள். கதவு திறந்து மூடும்போது மடங்க ரப்பருக்குக் கொஞ்சம் தளர்ச்சி விடவேண்டும், இழுத்துப் பிடித்து ஒட்டினால் சீக்கிரம் கிழிந்துவிடும்.

இன்னொன்று ஹரிக்கேன் ஹிஞ்ச். டிரெய்லர் சாமான் விற்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம். இரண்டு அலுமினியப் பட்டைகள். ஒன்றின் விளிம்பு கொக்கிபோல் வளைந்திருக்கும், மற்றதன் விளிம்பு உருண்டையாக அதற்குள் உட்காரும். நடுவில் கம்பியும் இல்லை, குழலும் இல்லை. ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவதுபோல ஒன்றன்மேல் ஒன்று கவிந்து நிற்பதால், கதவு மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் தண்ணீர் மேலேயே ஓடிப் பக்கவாட்டில் விழும். என் காசுக்கு இதுதான். மழையில் கதவைத் திறந்து வைத்துச் சமைக்கிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். எந்தப் பட்டை கூரைக்கு, எது கதவுக்கு என்று கீலோடு வரும் படத்தில் காட்டியிருப்பார்கள். மாற்றிப் போட்டால் அந்தக் கவிப்பு தலைகீழாகித் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதனால் திருகாணி எடுப்பதற்கு முன் இரண்டு முறை பாருங்கள். வாங்கும்போது டிரெய்லரின் முழு அகலத்துக்கும் கூட ஒரு அங்குலமாவது சேர்த்து வாங்கி, கடைசியில் வெட்டிக்கொள்ளுங்கள்.

சரி, பொருத்துவது. இதில் பாதி வேலை கீல் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கீல் உட்காரும் கோட்டில் கூரைப் பக்கம் ஒரு குறுக்குச் சட்டம், கதவுப் பக்கம் ஒரு குறுக்குச் சட்டம், நடுவில் 1/8 அங்குல இடைவெளி. இரண்டும் ஒன்றரை அங்குலக் கனமாவது இருக்கட்டும். மெல்லிய பிளைவுட் தோலில் மட்டும் திருகாணி பிடித்தால் அது எத்தனை நாளைக்கு நிற்கும்? இங்கே மருந்தேற்றிய மரம் வேண்டவே வேண்டாம், அதிலிருக்கும் செம்பு உப்பு அலுமினியத்தை அரித்துவிடும். சாதாரண நல்ல மரமே போதும், எல்லா முகத்திலும் எபாக்ஸி (இரண்டு பாகத்தைக் கலந்து பூசினால் கெட்டியாக இறுகும் பிசின்) பூசிவிடுங்கள்.

அடுத்து நூல் பிடித்துப் பாருங்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். நீளக் கீல் ஒரே நேர்கோட்டில் மட்டும்தான் சுழலும். தண்ணீர் வாட்டத்துக்காகக் கூரையின் நடுவை இடம் வலமாகக் கொஞ்சம் உயர்த்தியிருந்தால், கீலும் அதோடு வளைந்து, கதவு பாதியில் இறுகி நிற்கும். பலம் கொடுத்துத் தூக்கினால் ஓரத்துத் திருகாணிகளைப் பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நூலை இழுத்துக் கட்டி, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று பென்சிலில் குறித்து, மேட்டை இழைப்புளியால் இழைத்து, பள்ளத்தை எபாக்ஸிப் பசையால் நிரப்பி, திரும்பவும் நூல் பிடியுங்கள். முன்பின்னாகவும் கூரை வளைவதால், கீலின் பட்டை அகலத்துக்கு மட்டும் தட்டையான ஒரு தடம் இழைக்க வேண்டிவரும். கூரையின் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் கீலை வைத்தால், மூடியிருக்கும்போது வாட்டம் இயல்பாகவே பின்பக்கம் போகும்.

கதவின் விலா எலும்புகளை, அதாவது பிளைவுட்டைத் தாங்கும் வளைந்த சட்டங்களை, டிரெய்லரின் மேலேயே வைத்து, அந்த வளைவையே அச்சாகக் கொண்டு கட்டுங்கள். தனியாகத் தரையில் கட்டிக் கொண்டுவந்து வைத்தால் பிளைவுட் பழைய நிலைக்கு நிமிரப் பார்க்கும், கீழ்முனை அரை அங்குலம் தள்ளி நிற்கும், அதற்குக் கீல் ஒன்றும் செய்ய முடியாது. 1/8 அங்குல பிளைவுட்டை இரண்டு அடுக்காகப் பசை போட்டு ஒட்டினால் நிமிர்வது வெகுவாகக் குறையும்.

இனி துளை. 8ஆம் எண் துருப்பிடிக்காத திருகாணி, ஒரு அங்குல நீளம், சுமார் 3 அங்குலத்துக்கு ஒன்று. அலுமினியத்தில் 3/16 அங்குலத் துளை. மரத்தில் நேரடியாகத் திருகாணித் துளை போடாமல் முதலில் 1/4 அங்குலம் போட்டு, எபாக்ஸி ஊற்றி நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, அதன் நடுவில் 7/64 அங்குலம் துளையுங்கள். இப்போது திருகாணி எபாக்ஸியைத்தான் கடிக்கும், ஒருவேளை தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. இரண்டு பட்டைக்கும் சேர்த்து நாற்பது துளை வந்தாலும், துளைத்து எபாக்ஸி ஊற்றுவது ஒரு மாலை வேலைதான், அதற்குச் சோம்பல் படாதீர்கள்.

முதலில் சீலண்ட் (சந்தை அடைக்கும் பசை) எதுவும் இல்லாமல் இரு கோடியிலும் நடுவிலும் மட்டும் முடுக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். எங்கேயும் கிரீச்சிடாமல், இரு பக்கமும் இடைவெளி சமமாக வந்தால் கழற்றிவிட்டு, பட்டைகளின் அடியில் பியூட்டைல் டேப் (களிமண்போல் அமுங்கிச் சந்தை அடைக்கும் ஒட்டும் ரப்பர் நாடா) ஒட்டி, எல்லாத் திருகாணிகளையும் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னும் கால் சுற்று முடுக்கி, பிதுங்கி வருவதை மறுநாள் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்துவிடலாம். இங்கே சிலிகான் வேண்டாம்: அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது, பின்னால் புதுச் சிலிகான்கூடச் சரியாக ஒட்டாது. குளிர்காலச் சாலையில் உப்புப் போடும் ஊரென்றால், எஃகும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும், ஆகவே ஒவ்வொரு திருகாணிக் கழுத்திலும் ஒரு சிட்டிகை பியூட்டைலைச் சுற்றிவிடுங்கள். ஹரிக்கேன் ஹிஞ்ச் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வரக்கூடியது, இரு முனையிலும் ஒவ்வொரு திருகாணியைத் தடுப்பாகப் போட்டுவிட்டுத்தான் வண்டியைத் தெருவில் இறக்கவேண்டும்.

கேஸ் ஸ்ட்ரட்டை (கதவைத் தூக்கிப் பிடிக்கும், வாயு அடைத்த தண்டு) கதவு முழுதாக முடிந்து, பெயிண்டும் விளக்கும் பூட்டும் ஏறிய பிறகே வாங்குங்கள். கதவைக் கிடைமட்டமாகத் தூக்கி, கீழ்முனைக்கு ஒரு கம்பு கொடுத்து, கம்பைக் குளியலறை எடைக்கருவி மேல் நிறுத்துங்கள். கம்பின் எடை போக 18 பவுண்டு காட்டுகிறது, கீலிலிருந்து கம்புவரை 4 அடி என்றால், பெருக்கினால் 72. அந்த நிலையில் கீலுக்கும் ஸ்ட்ரட் ஓடும் கோட்டுக்கும் செங்குத்தாக அரை அடி இருந்தால், 72ஐ அரையால் வகுக்க 144 பவுண்டு, இரண்டு ஸ்ட்ரட்டுக்கு ஆளுக்கு 72. நான் 80 வாங்குவேன். குளிரில் உள்ளே இருக்கும் வாயு சுருங்கும், 20 டிகிரி செல்சியஸில் 80 பவுண்டு தள்ளுவது மைனஸ் 10 டிகிரியில் சுமார் 72தான் தள்ளும். பலமாக இருக்கட்டும் என்று 120 வாங்கி மாட்டாதீர்கள், மூடியிருக்கும்போது ஸ்ட்ரட்டின் தள்ளல் பெரும்பாலும் கீலை நோக்கித்தான் போகும், இரவு பகலாக அந்தத் திருகாணிகளைத்தான் அது இழுத்துக்கொண்டிருக்கும். மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் மெல்லிய கம்பி கீழே பார்க்கும்படி மாட்டினால் உள்ளே இருக்கும் எண்ணெய், வாயுவை அடைத்து வைக்கும் வளையத்தை நனைத்தபடி இருக்கும். காற்றடிக்கும் நாளைக்கு ஒரு ஊன்றுகோலும் கையோடு வைத்திருங்கள்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. கதவை மூடி ஒரு பூவாளியால் கூரை முழுக்க ஊற்றுங்கள், அப்புறம் கதவைத் தூக்கி வைத்து, திறந்த கதவின் மேலும் ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே டார்ச் அடித்து, கீல் வரிசையில் விரலை ஓட்டிப் பார்க்கட்டும். ஈரம் பெரும்பாலும் இரு முனைகளில்தான் தெரியும். அங்கே பக்கச் சட்டத்தின் மேல் ஓடும் ஓரப்பட்டையைக் கீலின் முனைக்கு அடியில் ஒரு அங்குலம் நுழைத்து, சந்தில் பியூட்டைல் அடைத்து, மறுபடியும் பூவாளி எடுங்கள்.