பித்தளை, அலுமினியம்: துளையிடும்போது செய்யக்கூடாதவை

இரும்பில் துளை போட்டுப் பழகிய கை பித்தளையில்தான் ஏமாறும். 'மெத்தென்ற உலோகம்தானே' என்று தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு டிரில்லை அழுத்தினால், பிட் அடிப்பக்கம் வெளிவரும் நேரத்தில் தகட்டைக் கொத்திச் சுழற்றிவிடும். விரலைக் கிழிக்கும் இடம் அதுதான்.

கடையில் வாங்கும் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டின் வெட்டு விளிம்பு இரும்புக்கு ஏற்றபடி சாய்வாக இருக்கும். பித்தளைக்குள் அது திருகாணி போலத் தானாகவே இறங்கும். இரண்டு விளிம்புகளின் முன்முகத்தையும், எண்ணெய்க்கல்லைப் பிட்டின் நீளவாக்கில் வைத்து, அரை மி.மீ. அகலத்துக்குத் தட்டையாகும்வரை தேயுங்கள். இந்தப் பிட்டைப் பித்தளைக்கென்றே தனியாக வையுங்கள். அலுமினியத்துக்கு இது ஆகாது. முதலில் 3 மி.மீ., பிறகு 8 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிதாக்குவது இரும்பில் நல்ல பழக்கம். பித்தளையில் முன்துளை இருந்தால் பெரிய பிட் இன்னும் மோசமாகக் கொத்தும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் தண்டு வார்ப்புப் பித்தளையைக் கடைந்தது. அதை வைஸில் வெறுமனே இறுக்கினால் தாடையின் பல் அப்படியே பதியும், பாலிஷ் போட்டாலும் போகாது. V வடிவில் வெட்டிய இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து இறுக்குங்கள். வளைவான இடத்தில் சென்டர் பஞ்சால் (கூர்முனைக் கருவி) சிறு குழி அடிக்காமல் தொடங்கினால் பிட் வழுக்கிக் கோடு போட்டுவிடும்.

அலுமினியம் கொத்துவதைவிட அதிகம் ஒட்டும். துகள் பிட்டின் பள்ளத்தை அடைத்துவிட்டால் துளை பெருத்து, பிட் முறியும். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அடிக்கடி பிட்டை மேலே தூக்கித் துகளைத் தள்ளுங்கள். 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை போகலாம். பித்தளைக்கு எண்ணெயே வேண்டாம்.

ஹேக்சாவில் அறுக்கும்போது தடிமனுக்குள் மூன்று பற்களாவது இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடுக்குத் தகடு குறைந்தது சுமார் 3 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். 1 மி.மீ. தகட்டை இரண்டு பிளைவுட்டுக்கு நடுவே வைத்து, மூன்றையும் சேர்த்தே அறுங்கள். துளையிடவும் இதே வழிதான். அரத்தில் முன்கூட்டியே சாக்பீஸ் தேய்த்தால் அலுமினியம் அடைக்காது.

சாதாரண சாணைக்கல்லில் அலுமினியத்தை வைக்கவே கூடாது. அது கல்லின் கண்களை அடைத்து, சூடேறி, கல் வெடிக்கலாம்.

டிரில் ஓடும்போது கையுறை வேண்டாம், தோளில் துண்டும் வேண்டாம். கண்ணாடி கட்டாயம்: பித்தளைத் துகள் ஊசியாகத் தெறிக்கும். வாயால் ஊதாமல் பிரஷால் கூட்டுங்கள். இரண்டு உலோகத் துகளையும் கலந்துவிட்டால் பழைய பித்தளை எடுப்பவர் விலையைக் குறைத்துவிடுவார்.