முதல் ஸ்கீ காகிள்ஸ்: வெயிலுக்கு வேண்டாம், மேகத்துக்கு வாங்குங்கள்

டொராண்டோவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் காலிங்வுட் வரும். அங்கே புளூ மவுண்டன் என்ற பனிச்சறுக்கு மலையில்தான் நான் ஸ்கீ பழகினேன். முதல் வருடம் கையில் இருந்தது தள்ளுபடியில் வாங்கிய காகிள்ஸ், அதாவது ஸ்கீ செய்யும்போது கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடி. மேலே நீல நிறப் பளபளப்பு, போட்டோவுக்கு ஜம்மென்று இருக்கும். டிசம்பரில் இந்தப் பக்கம் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அப்புறம் சரிவுகளில் விளக்குப் போட்டுவிடுவார்கள். அந்த வெளிச்சத்தில் பாதிச் சரிவு இறங்கியபோது, எதிரே இருப்பது பனியா, ஐஸா, மேடா, பள்ளமா, எதுவும் புரியவில்லை. நின்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். இடுப்பு தரையில் இடித்த பிறகுதான் அதுவரை வழுக்கிக்கொண்டிருந்தேன் என்பதே தெரிந்தது. காகிள்ஸைக் கழற்றினால் எல்லாம் தெரிகிறது, ஆனால் குளிர்காற்றில் கண்ணில் நீர் கொட்டுகிறது. தப்பு பாதி என் கால்களில், பாதி அந்த லென்ஸில்.

படி 1: எந்த நேரத்தில் போவீர்கள்?

இதை எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அமெரிக்காவின் கொலராடோவில் வெயில் காயும் உயரமான சரிவுக்குச் சொல்லும் ஆலோசனை எங்கள் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் பொருந்தாது. இங்கே ஜார்ஜியன் விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வரும் மேகங்கள் நாள் முழுக்கப் பனி கொட்டும். வேலை முடிந்து மாலையில் போகிறவர்களுக்கு வெயில் என்பதே கிடையாது.

படி 2: நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

லென்ஸ் வழியே எவ்வளவு வெளிச்சம் கண்ணுக்கு வருகிறது என்பதை விஎல்டி என்ற சதவீதத்தில் சொல்வார்கள். ஐரோப்பியத் தரப்படி அதை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள்:

எஸ்0: 80 முதல் 100% (இரவு)
எஸ்1: 43 முதல் 80% (மேகம், பனிப்பொழிவு, விளக்குப் போட்ட மாலை)
எஸ்2: 18 முதல் 43% (வெயிலும் மேகமும் மாறி மாறி)
எஸ்3: 8 முதல் 18% (நல்ல வெயில்)
எஸ்4: 3 முதல் 8% (பனிப்பாறை, மிக உயரமான மலை, நமக்கு வேண்டாம்)

டெகத்லானின் வெட்ஸே போன்ற சில பிராண்டுகள் மாடல் பெயரிலேயே இந்த எண்ணைச் சேர்த்துவிடும். வட அமெரிக்கக் கடைகளில் பல சமயம் சதவீதம் மட்டும் பெட்டியில் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அதை அப்படியே ரேக்கில் வைத்துவிட்டு நகருங்கள். என் பழைய நீலக் காகிள்ஸ் எஸ்3. அதாவது, விளக்கொளியே குறைவு, அதிலும் ஐந்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்கு வரவில்லை.

படி 3: அப்புறம் நிறம்

மேகம் மூடிய நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக வரும். மேட்டுக்கும் நிழல் இல்லை, பள்ளத்துக்கும் நிழல் இல்லை. வானமும் தரையும் ஒரே வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிடும். மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு லென்ஸ்கள் நீல ஒளியைக் குறைப்பதால் மேடு பள்ளம் கொஞ்சம் எடுத்துக் காட்டும். கொஞ்சம்தான். இல்லாத நிழலை எந்த விலை லென்ஸும் கொண்டுவராது. அப்படிப்பட்ட நாளில் மரங்களை ஒட்டிய சரிவில் இறங்குங்கள், மரம் கண்ணுக்கு ஒரு பிடிமானம் தரும்.

சாம்பல் நிறம் வெயிலுக்கு நல்லது. மேலே முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பூச்சு இருந்தால் வெளிச்சம் இன்னும் குறையும். போலரைஸ்டு லென்ஸுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். கூசும் பளபளப்பை அது வெட்டிவிடும், சரிதான். ஆனால் முன்னால் ஐஸ் இருப்பதைக் காட்டிக்கொடுப்பதே அந்தப் பளபளப்புதானே?

படி 4: காசை எங்கே போடுவது

விலை குறைந்தால் கண்ணுக்குப் பாதுகாப்பு இருக்காதோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான லென்ஸ்கள் பாலிகார்பனேட், அந்தப் பிளாஸ்டிக்கே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இருந்தாலும் பெட்டியில் புற ஊதாத் தடுப்பு 'யூவி400' அல்லது '100%' என்று இருக்கிறதா பாருங்கள். புதுப்பனி புற ஊதாவில் 80% வரை திருப்பி அனுப்பும், மேகம் அதை முழுதாகத் தடுக்காது. அதனால் மஞ்சள் லென்ஸுக்கும் இது கட்டாயம்.

வெளிச்சத்துக்கேற்ப தானே கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ் கவர்ச்சியானதுதான். ஆனால் விலை அதிகம், குளிரில் கறுத்தது தெளிய நேரமும் எடுக்கும். வெயிலிலிருந்து மர நிழலுக்குள் நுழையும் அந்தச் சில விநாடிகளில் அது உதவாது. அந்தப் பணத்தில் இரண்டு சாதாரணக் காகிள்ஸ், அல்லது மாற்று லென்ஸோடு வரும் ஒன்று, வாங்கிவிடலாம்: எஸ்1 ஒன்று, எஸ்3 ஒன்று. இப்போதைக்கு ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்1. பகல், மாலை இரண்டும் போகிறவர் ரோஸ் நிறத்தில் வெளிர் எஸ்2 பார்க்கலாம். வெயிலில் கண் கூசினால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெதுவாக இறங்கிவிடலாம், இருட்டில் கண்ணை எவ்வளவு விரித்தாலும் பயனில்லை. மார்ச் கடைசியில் வாங்கினால் விலை இன்னும் இறங்கும்.

படி 5: கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை

லென்ஸ் இரட்டை அடுக்காக இருக்க வேண்டும். விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் காற்று இடைவெளி தெரியும். ஒற்றை அடுக்கில் சீக்கிரம் ஆவி படிந்து மங்கிவிடும். ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போய்ச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்: நெற்றியில் இடைவெளியும் கூடாது, ஹெல்மெட் காகிள்ஸை மூக்கின் மேல் அழுத்தவும் கூடாது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கென்றே பள்ளம் விட்ட ஓடிஜி மாடலைக் கேளுங்கள். பிறகு ஐந்து நிமிடம் போட்டபடியே கடையைச் சுற்றி வாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

படி 6: மலையில்

மலை மேலே கொண்டுபோகும் நாற்காலி லிஃப்டில் ஏறும்போது காகிள்ஸை நெற்றிக்குத் தூக்கி விடாதீர்கள். வியர்வை ஆவி உள்ளே புகுந்து உறைந்துவிடும். உள்பக்கத்தைக் கையுறையால் துடைக்கவே கூடாது, ஆவி படியாமல் காக்கும் பூச்சு அதோடு போய்விடும். விழுந்து பனி உள்ளே போனால் உதறுங்கள், மீதியைக் காகிள்ஸோடு வந்த மென்துணிப் பையால் ஒற்றி எடுங்கள். மாற்று லென்ஸை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தால் உடம்புச் சூட்டில் இருக்கும். மூன்றரை மணிக்கு ஒரு ஹாட் சாக்லேட் குடிக்க உள்ளே போவீர்கள் அல்லவா, லென்ஸ் மாற்ற அதுதான் நேரம்.