கிளை நூலகத்தில் மாதம் ஒரு நிகழ்ச்சி: எதிர் ஜெராக்ஸ் கடையிலிருந்து சில குறிப்புகள்

எங்கள் ஊர் கிளை நூலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மன்னார்குடியிலிருந்து அரை மணி நேர பஸ் தூரம். 2016-லிருந்து வாசகர் வட்டச் செயலாளரும் நான்தான். காசு வாங்காமல் நோட்டீஸ் அடித்துத் தருகிறவர் யாரோ, அவர் தலையில் அந்தப் பதவியைக் கட்டிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். பக்கத்து ஊர்களிலிருந்து, "அக்கா, எங்க நூலகத்துலயும் நிகழ்ச்சி வைக்கணும், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லி முடிப்பதற்குள் கடையில் நாலு பேர் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அதனால் எழுதிவிட்டேன்.

நான் சொதப்பியதில் இருந்து ஆரம்பிக்கிறேன். 2016 ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள், சனிக்கிழமை. வாடகைக்கு 50 நாற்காலி, மைக் செட், தஞ்சாவூரிலிருந்து பேச்சாளர், சந்தன மாலை. நேரம் மாலை 3 மணி. சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தெருவில் பிரசார ஆட்டோ போன வண்ணம் இருந்தது. வெயில் வேறு. வந்தவர்கள் 11 பேர். அதில் மைக் செட்காரர், அவர் தம்பி, டீ கொண்டுவந்த பையன், என் வீட்டுக்காரர் எல்லாரும் அடக்கம். பேச்சாளர் பெருந்தன்மையாக ஒரு மணி நேரம் பேசினார். 39 காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நன்றியுரை சொன்ன அனுபவம் எனக்கு உண்டு.

அன்றைக்கு நூலகத்துக்குள் ஆள் இல்லாமல் இல்லை. உள்ளே 14 பேர் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் வெளியே பந்தல் போட்டு, அவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை நடத்திக்கொண்டிருந்தோம்.

ஆகவே முதல் வேலை, ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் எந்த நேரத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பெயர் வேண்டாம், வயசும் வந்த காரியமும் போதும். எங்கள் நோட்டில் இப்படி வந்தது: காலை திறந்ததும் பேப்பர் படிக்கும் பெரியவர்கள், எட்டு ஒன்பது பேர், தினத்தந்திக்கு மட்டும் வரிசை. பத்து மணிக்கு மேல் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள், சாப்பாட்டு டப்பாவோடு வந்து சாயந்திரம்தான் எழுந்திருப்பார்கள். நாலரைக்குப் பள்ளி விட்டு வரும் வாண்டுகள். பெண்கள் 11 மணிவாக்கில் வந்து, நாவல் மாற்றிக்கொண்டு, உட்காராமலே போய்விடுகிறார்கள். இந்த நாலு கூட்டத்துக்கும் ஒரே நிகழ்ச்சி எடுபடாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிற நேரத்திலேயே வையுங்கள். புதிதாக ஆள் பிடிப்பது இரண்டாம் பட்சம்.

அடுத்தது அனுமதி. நூலகரிடம் வாயால் கேட்டு அவர் "செஞ்சிக்கலாம்மா" என்று சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள். அவர் மேலே மாவட்ட நூலக அலுவலருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். கையில் காகிதம் இல்லாவிட்டால் அவர் பாடுதான் கஷ்டம். ஒரு பக்கக் கடிதம்: தேதி, கிழமை, ஆரம்பிக்கும் நேரம், முடியும் நேரம், தலைப்பு, பேசுகிறவர் பெயர், எத்தனை பேர் வருவார்கள், கட்சி சம்பந்தமில்லை என்று ஒரு வரி. இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தால் வந்த ஏற்பாடு அது. அந்தக் கட்டடத்தின் மின்விசிறி நம் காசிலும்தான் ஓடுகிறது.

தேதி குறிக்கும்போது முதலில் விடுமுறையைப் பாருங்கள். எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனியும் விடுமுறை. இது தெரிந்தே ஒரு தடவை இரண்டாம் சனிக்கு 300 நோட்டீஸ் அடித்துவிட்டேன். சொந்தக் கடை, சொந்தக் காகிதம், யாரைத் திட்டுவது?

பிறகுதான் விசேஷ நாட்கள். பிப்ரவரி 19 உ.வே.சா. பிறந்த நாள், ஏப்ரல் 23 புத்தக நாள், ஆகஸ்ட் 12 சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பேரில் நூலகர் தினம், செப்டம்பர் 11 பாரதி நினைவு நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். எல்லாவற்றையும் கொண்டாட வேண்டும் என்று நினைத்தால் தொலைந்தீர்கள். வருடத்துக்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் தை மாதம் சம்பா அறுப்பு, ஒரு ஈ காக்கா வராது. மார்ச்சில் பரீட்சை.

நூலக வாரம் மட்டும் டெல்டாக்காரர்களுக்கு ஒரு சோதனை. அது எப்போதும் நல்ல மழைக் காலத்தில் வந்து விழும். 2018-ல் நவம்பர் 17 சனிக்கிழமைக்கு ஓவியப் போட்டி வைத்திருந்தோம். 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. நூலக வாசலில் தூங்குமூஞ்சி மரம் குறுக்கே கிடந்தது. மூன்று வாரம் கரன்ட் இல்லை, கடையில் மிஷின் ஓடவில்லை. அடித்து வைத்திருந்த 200 ஓவியப் போட்டி நோட்டீஸின் பின்பக்கத்தில்தான் தார்ப்பாய் வேண்டியவர்கள் பெயரைத் தெருவாரியாக எழுதினோம். அதிலிருந்து நவம்பர் நோட்டீஸை முன்கூட்டி அடிப்பதில்லை. போட்டியெல்லாம் கூரைக்குக் கீழேதான். மாற்றுத் தேதியையும் அதே நோட்டீஸில் போட்டுவிடுவேன்.

இனி என்ன நிகழ்ச்சி வைப்பது என்பது. எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது மாதிரித் தேர்வு. அது வந்த கதை இது. 2017-ல் ஒரு பட்டிமன்றம் வைத்தோம். நடுவர் மைக்கைத் தட்டியதும், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பாடப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து என் கடைப் படியில் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. காதில் பஞ்சு வைத்திருந்தாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. மறு மாதம் நிகழ்ச்சியையே அவளுக்காக வைத்தோம். குரூப் 4 என்றால் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பழைய கேள்வித்தாள் ஒன்றை அப்படியே பிரதி எடுத்து, வட்டத்தைக் கறுப்பாக்கி விடை குறிக்கிற ஓஎம்ஆர் தாள் மாதிரி ஒன்றையும் வைத்து, ஞாயிறு காலை 9.30-க்கு மணி அடித்தோம். 12.30-க்குத் தாளைப் பிடுங்கினோம். மைக் கிடையாது, மாலை கிடையாது, பேச்சும் கிடையாது. 46 பேர் வந்தார்கள். இடம் போதாமல் ஆறு பேர் குழந்தைகள் பகுதியில் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதினார்கள். மதியம் பக்கத்து ஊரில் விஏஓவாக (கிராம நிர்வாக அலுவலராக) இருக்கிற ஒருவர் வந்து, எந்தக் கேள்வியில் எல்லாரும் வழுக்கினார்கள் என்று பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். வினாத்தாளுக்கு ஆளுக்கு 15 ரூபாய் வாங்கினேன், அடக்க விலைக்கு. இதை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். கடிகாரம் ஒன்று சுவரில் தெரிகிற மாதிரி மாட்டுங்கள், விடைக்குறிப்பை முதல் நாளே சரிபாருங்கள். எங்கள் முதல் தேர்வில் விடைக்குறிப்பில் நாலு தப்பு. பிள்ளைகள் என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

குழந்தைகளுக்குக் கதை வாசிப்பது இரண்டாவது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. கதையை முதல் நாள் ராத்திரி வீட்டில் சத்தமாகப் படித்துப் பாருங்கள். 12 நிமிடத்தைத் தாண்டினால் வேறு கதை எடுங்கள். புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்பி வைத்துப் படிக்காதீர்கள், படம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். எங்களிடம் ஒரு பையன் எப்போதும் மேஜைக்கு அடியில்தான் உட்காருவான். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. விட்டுவிட்டேன். நாலாவது வாரம் யானை கிணற்றில் விழும் இடத்தில் கீழேயிருந்து, "கயிறு பத்தாது" என்று குரல் வந்தது. இப்போது பாதிக் கதையை அவன்தான் திருத்துகிறான், மேஜைக்கு அடியிலிருந்தே.

கடைசி இரண்டு பக்கத்தைப் படிக்காமல் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். அடுத்து என்ன என்று தெரிய அவர்களே எடுப்பார்கள். எடுத்த பிள்ளை உறுப்பினராக இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அழும். அதனால் உறுப்பினர் படிவம் குறைந்தது இருபது கையில் இருக்கட்டும். அழைத்துப்போக வரும் அம்மாவிடம் அங்கேயே கொடுத்து, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நூலகர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

புத்தக விமர்சனக் கூட்டம் வைப்பதானால் ஒரே எச்சரிக்கை: வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று அழைப்பிதழ் போட்டால் புத்தகத்தைப் பற்றிப் பேச கால் மணிதான் மிஞ்சும். ஏழு பேர் வாழ்த்துரை சொன்ன கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன்; ஒருவரும் புத்தகத்தைத் திறந்திருக்கவில்லை. ஒருவர் 15 நிமிடம் பேசட்டும், மீதி நேரம் படித்தவர்கள் பேசட்டும். ஆனால் டீ, சுண்டல் செலவை ஏற்றுக்கொண்ட ஐயாவை வெறுமனே கீழே உட்காரவைக்கவும் முடியாது, ஊரில் நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும். அவருக்குப் பரிசு கொடுக்கிற வேலையைக் கொடுத்துவிடுங்கள், பேசவும் வேண்டாம், மரியாதையும் ஆயிற்று. அப்படியே பொன்னாடைக் காசைச் சேர்த்து, 1000 ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இப்படி ஐந்து பேர் சேர்ந்தார்கள். சுண்டல் என்றால் 40 பேருக்கு ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலை ஊறப்போடுங்கள். தொன்னையைப் போட வாளி ஒன்று வாசலில் வைக்க மறக்க வேண்டாம்; மறந்தால் மறுநாள் கூட்டுகிற அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காலைப் பேப்பர் பெரியவர்களை நாங்கள் ரொம்ப நாள் கண்டுகொள்ளவே இல்லை. அவர்களைக் கேட்கவைக்க முடியாது, பேசவைக்கலாம். 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். அதை ஒரு நாள் சொன்னேன், ஆளாளுக்குப் பழைய கதையை எடுத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்து எழுதச் சொன்னோம். காலை 8.30-க்கு ஆரம்பித்து 9 மணிக்கு முடிந்தது, பள்ளிக்கு நேரமாகிவிடும் என்பதால்.

நோட்டீஸ் என் தொழில், அதனால் கொஞ்சம் அதிகாரமாகவே சொல்வேன். ஏ4-ஐ இரண்டாக மடித்த அளவு போதும். "அனைவரும் வருக" என்று போட்டால் தன்னைக் கூப்பிட்டதாக யாரும் நினைப்பதில்லை. யாருக்கு, எப்போது, எப்போது முடியும், என்ன கொண்டுவர வேண்டும், இவ்வளவுதான். சென்ற மாதம் அடித்தது இது:

"சனிக்கிழமை மாலை 4.30 முதல் 5.15 வரை, நூலகத்தில். 3 முதல் 6-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு. யானைக் கதை படிப்போம், களிமண்ணில் யானை செய்வோம். களிமண் நாங்கள் தருகிறோம். கை துடைக்கப் பழைய துணி கொண்டு வரவும். 5.15-க்கு அழைத்துப்போக வீட்டிலிருந்து யாராவது வரவும்."

கடைசி வரிக்குத்தான் பலன் அதிகம். அழைத்துப்போக வந்த ஆட்கள் உள்ளே வந்தார்கள், அலமாரியைப் பார்த்தார்கள்.

ஒட்டும் இடங்கள்: ரேஷன் கடை, பால் சொசைட்டி, பள்ளி வாசல், டீக்கடை. ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிற நாளில் ஒட்டினால் வரிசையில் நிற்கிறவர்கள் வேறு வழியில்லாமல் படிப்பார்கள். மார்கழிப் பனியில் செலோ டேப் நிற்காது, மைதா பசைதான். வாட்ஸ்அப்பில் முதல் நாள் ராத்திரி ஏழு மணிக்கு ஒரு தடவை, அன்று காலை ஒரு தடவை, போதும். அதற்கு மேல் போட்டால் குரூப்பை ஊமையாக்கிவிடுவார்கள்.

முடிந்த அன்றே அந்த 40 பக்க நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவு, யார் பாதியில் எழுந்து போனார்கள். மூன்றாவதை நூலகரிடம் கேட்டு எழுதுங்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

எங்கள் நோட்டில் அடுத்த மூன்று மாதத்துக்கு இப்போது இருப்பது: முதல் மாதம் ஞாயிறு மாதிரித் தேர்வு, சாவிக்கு நூலகரிடம் கடிதம் கொடுத்தாகிவிட்டது. அதற்கடுத்த மாதம் 11 மணிக்கு வந்து உட்காராமலே போகிற பெண்களுக்காக, படித்த நாவலை ஒருவருக்கொருவர் சொல்லி மாற்றிக்கொள்ளும் அரை மணி நேரம். வருவார்களா என்று பார்க்க வேண்டும், உலை வைத்துவிட்டு வருகிறவர்கள். மூன்றாவது நவம்பர், நூலக வாரம், ஓவியப் போட்டி. அதற்கு இன்னும் நோட்டீஸ் அடிக்கவில்லை. கடலில் ஏதாவது உருவாகியிருக்கிறதா என்று தினமும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.