கால்நடைகளுக்கு லேசர் சிகிச்சை: முதன்முறை கருவியைக் கையில் எடுப்பவர்களுக்கு

"லேசர் வச்சா கால் வலி போயிருமாமே, வைப்பீங்களா டாக்டர்?" காரைக்குடிப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் இப்போது நேராகவே இப்படிக் கேட்கிறார்கள். படிப்பு முடித்து கிளினிக் தொடங்கும் இளம் மருத்துவர்களும் கருவியை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் எங்கே, எத்தனை நிமிடம், எவ்வளவு பவர் என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. ஊசி மருந்துக்கு எடை பார்த்து மில்லி கணக்குப் போடுகிறோம். வெளிச்சத்துக்கும் அதே கணக்கு வேண்டும் என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்லப்போகிறேன்.

நாம் பேசுவது அறுவை லேசர் பற்றி அல்ல. அறுவைக்குப் பயன்படும் கார்பன்-டை-ஆக்ஸைடு லேசர் 10,600 நானோமீட்டர் அலைநீளத்தில் தசையையே வெட்டும். சிகிச்சை லேசர் பெரும்பாலும் 600 முதல் 1000 நானோமீட்டருக்குள் வேலை செய்யும். அந்த ஒளியை உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி உறிஞ்சுகிறது. உயிரணுவுக்கு ஆற்றல் கூடுகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, வீக்கமும் வலியும் தணிகின்றன. 1967இல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகளின் மேல் ரூபி லேசர் பட்ட இடத்தில் முடி வேகமாக வளர்வதைக் கவனித்ததுதான் இதற்கெல்லாம் தொடக்கம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

வயதான பெரிய நாய் நொண்டினால் உடனே 'மூட்டுத் தேய்மானம்' என்று முடிவு கட்டாதீர்கள். எலும்புப் புற்றுநோயும் ஆரம்பத்தில் அப்படித்தான் நொண்ட வைக்கும். கட்டி இருக்கிறது, அல்லது இருக்குமோ என்று சந்தேகம் இருக்கிறது என்றால், அந்த இடத்தில் லேசர் கூடாது. எக்ஸ்-ரே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். சினையாக இருந்தால் வயிற்றின் மேல் வேண்டாம். தைராய்டு, விரை, ரத்தம் வடியும் காயம் ஆகியவற்றின் மேலும் வேண்டாம். குட்டிகளின் வளரும் எலும்பு முனைகளில் தவிர்ப்பது நல்லது. டெட்ராசைக்ளின் போலத் தோலுக்கு ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து ஓடுகிறதா என்றும் கேளுங்கள். எங்கள் பக்கம் மாட்டுக்கு அந்த ஊசி சர்வசாதாரணம்.

புழு வைத்த புண்ணில் முதல் வேலை புழு எடுப்பதுதான். சீழ் இருந்தால் வடித்து, தேவையான மருந்தைக் கொடுங்கள். லேசர் இவற்றுக்குத் துணை, மாற்று அல்ல.

கண், கண், கண்

சிகிச்சைக் கருவிகளில் இரண்டு வகை அதிகம். 500 மில்லிவாட் வரை உள்ளது 3பி வகுப்பு, அதற்கு மேல் 4ஆம் வகுப்பு. இரண்டுமே விழித்திரையைக் கெடுக்கும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் இமை தானாக மூடாது, அதுதான் பெரிய ஆபத்து. கருவியோடு வரும், அதன் அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடியை அறையில் இருக்கும் எல்லோரும் போட வேண்டும். வெயில் கண்ணாடி காக்காது. நாயின் கண்ணைத் தடித்த கறுப்புத் துணியால் மூடுங்கள்.

வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை செய்பவர்களுக்குச் செட்டிநாட்டில் கூடுதல் கவனம் வேண்டும். முகப்பில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி, பளபளவென்று ஆத்தங்குடிக் கல், அலமாரி நிறைய எவர்சில்வர், பித்தளை. இவை எல்லாமே கதிரைத் திருப்பி அனுப்பும். "ஆச்சி, அந்தக் கண்ணாடி மேல ஒரு போர்வையைப் போட்டுருங்க" என்று கேட்கத் தயங்க வேண்டாம். பழைய ஜமுக்காளம் ஒன்றை விரித்து நாயைப் படுக்க வையுங்கள். கதிர் சிதறாது, நாயும் வழுக்காது. வழவழப்பான அந்தத் தரையில் நாள் முழுக்கச் சறுக்கிச் சறுக்கி நடப்பதே இடுப்பு வலி உள்ள கிழட்டு நாய்க்குப் பெரும்பாடு. அது நடமாடும் பாதையில் சாக்கோ பாயோ போடச் சொல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

தோலைத் தயார் செய்தல்

ஈரம், களிம்பு, வேப்பெண்ணெய், மஞ்சள் எதுவும் தோலில் இருக்கக் கூடாது. கழுவித் துடையுங்கள். அடர்ந்த முடி ஒளியை விழுங்கிவிடும், முடிந்தால் கத்தரித்துவிடுங்கள். வெள்ளை ராஜபாளையத்துக்கும் கறுப்பு லாப்ரடாருக்கும் ஒரே செட்டிங் வைக்காதீர்கள். கறுப்புத் தோல் ஒளியை மேலேயே பிடித்துச் சூடாகும். பவரைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

கணக்கு

இதில்தான் நிதானம் வேண்டும். ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். மேலோட்டமான காயத்துக்குச் சதுர செ.மீ.க்கு 2 முதல் 4 ஜூல், ஆழமான மூட்டுக்கு 8 முதல் 10 ஜூல் என்று தொடங்கலாம்.

ஓர் இடுப்பு மூட்டை எடுத்துக்கொள்வோம். 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், பரப்பு 150 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 8 ஜூல் என்றால் மொத்தம் 1200 ஜூல். 4 வாட்டில் வைத்தால் 300 நொடி, அதாவது 5 நிமிடம். கறுப்பு நாய், 3 வாட்டுக்கு இறக்குகிறீர்கள் என்றால் 400 நொடி. இதே 1200 ஜூலை 500 மில்லிவாட் கருவியில் கொடுக்க 40 நிமிடம் ஆகும், எந்த நாயும் அவ்வளவு நேரம் படுத்திருக்காது. சிறு கருவி சிறு காயத்துக்கும் பூனையின் வாய்ப்புண்ணுக்கும் போதும், பெரிய மூட்டுக்குக் காணாது.

4 செ.மீ.க்கு 5 செ.மீ. தையல் காயமா? 20 சதுர செ.மீ., 3 ஜூல் வீதம் 60 ஜூல். 1 வாட்டில் ஒரே நிமிடம். அவ்வளவுதான். கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் பலன் குறையும்.

கை ஓட்டம்

4ஆம் வகுப்பு லேசரை ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது, சுடும். நொடிக்கு 3 முதல் 7 செ.மீ. வேகத்தில் முதலில் மேலும் கீழுமாக, பிறகு குறுக்காக ஓட்டுங்கள். மூட்டின் எல்லாப் பக்கமும், சுற்றியுள்ள தசையிலும் ஒளி பட வேண்டும். இன்னொரு கை புரோபை (ஒளி வரும் கைமுனையை) தொடர்ந்து தோலைத் தடவிக்கொண்டே வரட்டும். இதமான வெதுவெதுப்பு போதும். தோல் துடித்தாலோ நாய் சட்டென்று திரும்பிப் பார்த்தாலோ சூடு அதிகம், உடனே பவரைக் குறையுங்கள். திறந்த புண்ணில் புரோப் படாமல் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள்.

காளைகள்

சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த பிறகும், வண்டிப் பந்தயக் காலத்திலும் சுளுக்கு, தோள்பட்டை வீக்கம், நுகத்தடிப் புண் என்று மாடுகள் வரும். பரப்பு பெரிது, தோல் கறுப்பு, ஆகவே பொறுமை தேவை. டிரெவிஸில் (மாட்டை அசையாமல் நிறுத்தும் சட்டத்தில்) கட்டி, மாட்டுக்காரரையே தலைமாட்டில் நிறுத்துங்கள், அவர் குரல் கேட்டால் காளை அடங்கி நிற்கும். அவருக்கும் ஒரு கண்ணாடி கொடுக்க மறந்துவிடாதீர்கள். புண் ஆறும்வரை நுகம் வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

எத்தனை முறை

புதுக் காயம், அறுவைக்குப் பின் என்றால் முதல் சில நாள் தினமும். நாள்பட்ட மூட்டுவலிக்கு முதல் வாரம் மூன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒன்று, அதன்பின் மாதம் ஒருமுறை. மூன்று வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் காசு வாங்கிக்கொண்டு தொடராதீர்கள், மறுபடி பரிசோதியுங்கள்.

ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள்: இடம், அலைநீளம், வாட், நொடி, மொத்த ஜூல். கூடவே வீட்டுக்காரர் சொன்னதையும் குறியுங்கள். 'நேற்று தானா எழுந்து வாசல்வரை போச்சு' என்பதுபோல ஒரு வரி, அடுத்த அளவை முடிவு செய்யப் பெரிதும் உதவும்.