ஆர்எக்ஸ்ஜேஎஸ் 7: டெப்ரிகேட் ஆன மெத்தடுகளை மாற்றும்போது எங்கே உடையும்

எடிட்டரில் ஒரு மெத்தடின் பெயர்மீது குறுக்குக்கோடு விழுந்தால் அது டெப்ரிகேட் ஆகிவிட்டது என்று பொருள். இன்றைக்கு ஓடும், வரவிருக்கும் பெரிய பதிப்பில் இருக்கும் என்று நம்ப முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் நிகழ்வுகளின் ஓட்டத்தை (ஸ்ட்ரீம்) கையாளும் நூலகமான ஆர்எக்ஸ்ஜேஎஸின் 7-ஆம் பதிப்பு 2021 ஏப்ரலில் வந்தபோது இப்படிக் கோடு விழுந்த பெயர்கள் ஏராளம். மாற்று எது என்று எடிட்டரே சொல்லிவிடுவதால், தேடி மாற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் பலவற்றில் புதியது பழையதன் மறுபெயர் அல்ல, நடத்தையே சற்று வேறு. கம்பைல் ஆகும், சோதனைகளும் தேறும், எங்கோ ஒரு திரையில் மட்டும் பழைய தேதி நின்றுகொண்டிருக்கும். எதைக் கண்ணை மூடி மாற்றலாம், எதை நின்று பார்க்க வேண்டும் என்பதே இங்கே பேச்சு.

(பெயர்களில் உள்ள இடைக்கோடு படிக்க வசதியாகப் போட்டது, நிரலில் அது கிடையாது.)

முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியவை

5-இலிருந்து 6-க்கு வந்தபோது துணைக்குச் சேர்த்த ஆர்எக்ஸ்ஜேஎஸ்-காம்பேட் தொகுப்பு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். 7-க்கு அது இல்லை. 6-இல் இருக்கும்போதே அதை அகற்றினால், புள்ளி வைத்துக் கோத்த பழைய ஆப்பரேட்டர்கள் (ஸ்ட்ரீமை வாங்கி மாற்றித் தருபவை) எல்லாம் கம்பைல் பிழையாக வெளியே வரும். அவற்றை, ஆப்பரேட்டர்களை வரிசையாக வாங்கும் பைப் மெத்தடுக்குள் கொண்டுவாருங்கள். நான்கு பெயர்கள் மட்டும் மாறும்: டூ இப்போது டேப், கேட்ச் இப்போது கேட்ச்-எரர், ஸ்விட்ச் இப்போது ஸ்விட்ச்-ஆல், ஃபைனலி இப்போது ஃபைனலைஸ். தனி ஃபங்ஷன்களாக ஆனபின் ஜாவாஸ்கிரிப்ட்டின் ஒதுக்கப்பட்ட சொற்களோடு மோதக்கூடாது என்பதற்காக வந்த மாற்றம் இது.

அடுத்து, நிரலைச் சோதிக்கும் லின்ட் கருவியான டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டின் நோ-டெப்ரிகேட்டட் விதியை எச்சரிக்கை அளவில் இயக்குங்கள். டைப் தகவல் இல்லாமல் இந்த விதி வேலை செய்யாது. லின்ட் அமைப்பில் டைப்ஸ்கிரிப்ட் திட்டக் கோப்பைக் காட்டியிருக்க வேண்டும். கிடைக்கும் பட்டியலை மெத்தட் பெயர்வாரியாகப் பிரித்து, ஒரு பெயருக்கு ஒரு கமிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புவாரியாகப் போனால் நான்கு விதமான மாற்றங்கள் ஒரே கமிட்டில் கலந்து, எது உடைத்தது என்று பிறகு பிரித்தெடுக்க முடியாது.

யோசிக்காமல் மாற்றலாம்

எம்ப்ட்டி ஃபங்ஷனுக்குப் பதில் பெரிய எழுத்து எம்ப்ட்டி மாறிலி. நெவர் ஃபங்ஷனுக்கும் அப்படியே. அப்சர்வபிளின் (ஸ்ட்ரீமைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) கிரியேட்டுக்குப் பதில் நியூ போட்டு அப்சர்வபிள். ஃபிளாட்-மேப்புக்குப் பதில் மெர்ஜ்-மேப். எக்ஸாஸ்ட் இப்போது எக்ஸாஸ்ட்-ஆல், கம்பைன்-ஆல் இப்போது கம்பைன்-லேட்டஸ்ட்-ஆல். சப்ஜெக்ட்டின் அப்சர்வர்ஸ் பட்டியலின் நீளத்தைப் பார்த்து யாராவது கேட்கிறார்களா என்று சோதித்திருந்தால், 7.2 முதல் அப்சர்வ்ட் என்ற பண்பு நேரடியாக ஆம், இல்லை என்று சொல்லும்.

ஸ்ட்ரீமைக் கேட்கத் தொடங்கும் சப்ஸ்கிரைபுக்கு இரண்டு, மூன்று ஃபங்ஷன்களை வரிசையாகக் கொடுப்பதும் டெப்ரிகேட் ஆனதுதான். நெக்ஸ்ட், எரர், கம்ப்ளீட் என்ற பெயர்களோடு ஒரே ஆப்ஜெக்ட்டாகக் கொடுங்கள். பிழைக்காக மட்டும் முதல் இடத்தில் நல் (வெற்று மதிப்பு) போட்டு எழுதிய வரிகள் இதில் நன்றாகத் தெளியும். ஒரே ஒரு ஃபங்ஷன் கொடுத்திருந்தால் அதைத் தொட வேண்டாம், அதற்குக் கோடு விழவில்லை. டேப்புக்கும் இதே கணக்கு.

த்ரோ-எரருக்குப் பிழையை நேரடியாகக் கொடுக்காமல், பிழையைத் திருப்பித் தரும் ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சப்ஸ்கிரிப்ஷனுக்கும் பிழை புதிதாகப் பிறப்பதால் ஸ்டாக் தடயமும் அந்த நேரத்தைக் காட்டும்.

மேப்-டுவும் ப்ளக்கும்

இவை இரண்டும்தான் பார்க்க அப்பாவி, மாற்றினால் வம்பு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரே மதிப்பைத் தருவது மேப்-டு. அதற்குக் கொடுத்த மதிப்பு, பைப்பைக் கட்டும்போது ஒரே ஒரு முறை கணக்கிடப்படும். மேப்புக்குள் ஃபங்ஷனாக எழுதினால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் மறுபடி கணக்கிடப்படும். ஒரு மாறிலியைக் கொடுத்திருந்தால் வித்தியாசமில்லை. அடைப்புக்குள் டேட்-நவ் அழைப்போ, நியூ போட்ட ஆப்ஜெக்ட்டோ, வேறு ஃபங்ஷன் அழைப்போ இருந்தால் நடத்தை மாறிவிடும். பெரும்பாலும் புதிய நடத்தைதான் எழுதியவர் முதலிலேயே நினைத்ததாக இருக்கும். அப்படியில்லாத இடத்தில் மதிப்பை பைப்புக்கு வெளியே ஒரு கான்ஸ்ட்டில் எடுத்து வைத்துவிட்டு மேப்பில் அதைத் திருப்புங்கள்.

ஸ்விட்ச்-மேப்-டு, மெர்ஜ்-மேப்-டு, கான்கேட்-மேப்-டு மூன்றுக்கும் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். பிராமிஸ் தரும் அழைப்பை அவற்றுக்குள் போட்டிருந்தால் இதுவரை ஒரே ஒரு கோரிக்கைதான் போயிருக்கும். ஃபங்ஷன் வடிவுக்கு மாற்றியதும் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு கோரிக்கை போகும்.

ஆப்ஜெக்ட்டின் உள்ளிருக்கும் பண்பை எடுத்துத் தரும் ப்ளக் பொறுமைசாலி. பயனர், முகவரி, ஊர் என்று மூன்று நிலை இறங்கச் சொல்லி நடுவில் ஒன்று இல்லாவிட்டால், அன்டிஃபைன்ட் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். மேப்பில் வெறும் புள்ளி வைத்து எழுதினால் அதே இடத்தில் டைப்-எரர் எழும். எழுந்தால் அந்த ஒரு மதிப்பு மட்டுமல்ல, ஸ்ட்ரீமே செத்துவிடும், அதன்பின் எந்த நிகழ்வும் வராது. எல்லா நிலையிலும் கேள்விக்குறி போட்ட புள்ளியையே வையுங்கள்.

டு-பிராமிஸ்

மாற்று இரண்டு: ஃபர்ஸ்ட்-வேல்யூ-ஃப்ரம், லாஸ்ட்-வேல்யூ-ஃப்ரம். பழையதற்கு நேர் இணை இரண்டாவதுதான், ஏனென்றால் டு-பிராமிஸ் ஸ்ட்ரீம் நிறைவடையும் வரை காத்திருந்து கடைசி மதிப்பைத் தந்தது. பிஹேவியர்-சப்ஜெக்ட் போல நிறைவடையாத ஒன்றில் டு-பிராமிஸ் போட்டு அவெய்ட் செய்த இடங்கள் இதுவரை தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். அங்கே ஃபர்ஸ்ட் சரி. முதல் மதிப்பை வாங்கியதும் சப்ஸ்கிரிப்ஷனையும் அறுத்துவிடும்.

எச்டிடிபி கோரிக்கை ஒரே மதிப்போடு முடிவதால் எது போட்டாலும் ஒன்றுதான் என்பார்கள். பதிவேற்ற முன்னேற்றத்தையும் நிகழ்வுகளாகக் கேட்டிருந்தால் ஒன்றல்ல. முதல் நிகழ்வு "அனுப்பியாயிற்று" என்பது. பதில் கடைசியில் வரும். ஃபர்ஸ்ட் அங்கே முதல் நிகழ்வோடு சப்ஸ்கிரிப்ஷனை அறுத்து, பதிவேற்றத்தையே ரத்து செய்துவிடும்.

இன்னொரு வேறுபாடு வெற்று ஸ்ட்ரீமில். ஒரு மதிப்பும் வராமல் நிறைவடைந்தால் டு-பிராமிஸ் அன்டிஃபைன்ட் தரும்; புதிய இரண்டும் எம்ப்ட்டி-எரரோடு நிராகரிக்கும். டேக்-அன்டில் வைத்த ஸ்ட்ரீமில், பதில் வருமுன் பயனர் திரையை மூடினால் நடப்பது இதுதான். பழைய நடத்தை வேண்டுமென்றால் இரண்டாவது ஆர்குமென்ட்டாக டிஃபால்ட்-வேல்யூ உள்ள ஆப்ஜெக்ட்டைக் கொடுங்கள்.

ரீட்ரை-வென்

பிழை வந்தால் ஸ்ட்ரீமை மறுபடி முயலும் இதற்கு மாற்று, ஆப்ஜெக்ட் வாங்கும் ரீட்ரை. கவுன்ட் 3, டிலே 1000 என்றால் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரு நொடி நின்று மூன்று முறை மறுபடி முயலும். அதற்கும் மேல் தோற்றால் பிழையைக் கீழே தள்ளும். பழைய நிரலில் ரீட்ரை-வென்னுக்குள் டிலேயும் டேக் 3-உம் வைத்து எழுதியிருந்தால் கடைசிப் பகுதி வேறு: டேக் முடிந்ததும் மொத்த ஸ்ட்ரீமும் பிழையில்லாமல் நிறைவடைந்துவிடும். அதாவது தோல்வி விழுங்கப்பட்டது. மாற்றியபின் புதிதாகப் பிழைகள் தெரிந்தால் மாற்றம் கெடுக்கவில்லை, இருந்ததைக் காட்டுகிறது. கேட்ச்-எரர் ஒன்றைக் கீழே சேருங்கள்.

டிலேக்கு எண்ணுக்குப் பதில் ஃபங்ஷனும் கொடுக்கலாம். அதற்குப் பிழையும், எத்தனையாவது முயற்சி என்ற எண்ணும் வரும்; எண் 1-இல் தொடங்கும். 2-ஐ அந்த எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி 1000-ஆல் பெருக்கி டைமரில் போட்டால் இடைவெளி 1, 2, 4 நொடி என்று விரியும். 401 போல மறுபடி முயன்று பயனில்லாத பிழை என்றால் அதே ஃபங்ஷனிலிருந்து த்ரோ-எரரைத் திருப்புங்கள். எம்ப்ட்டியைத் திருப்பாதீர்கள்: ஸ்ட்ரீம் சத்தமில்லாமல் நிறைவடைந்து பழைய கதைதான்.

வெப்சாக்கெட் போல நாள்முழுக்க ஓடும் ஸ்ட்ரீமுக்கு ரீசெட்-ஆன்-சக்சஸ் உண்மை என்று வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு துண்டிப்பு வந்தாலே கவுன்ட் 3 தீர்ந்துவிடும்.

கெடுவுக்குள் மதிப்பு வராவிட்டால் வேறு ஸ்ட்ரீமுக்கு மாறும் டைம்அவுட்-வித் போன இடத்தில், ஈச் மற்றும் வித் கொண்ட ஆப்ஜெக்ட்டோடு டைம்அவுட். ஈச் என்றால் ஒவ்வொரு இரு மதிப்புகளுக்கும் இடையிலும் அந்தக் கெடு. முதல் பதிலுக்கு மட்டும் கெடு வேண்டுமென்றால் அது ஃபர்ஸ்ட்.

பப்ளிஷ் குடும்பம்

ஒரே ஸ்ட்ரீமைப் பலருக்குப் பகிர உதவும் பப்ளிஷ், பப்ளிஷ்-ரீப்ளே, மல்டிகாஸ்ட், ரெஃப்-கவுன்ட் எல்லாம் ஷேர், கனெக்டபிள், கனெக்ட் என்ற மூன்றுக்குள் அடங்கின. அதிகம் உடைவது இங்கேதான்.

பப்ளிஷ், ரெஃப்-கவுன்ட் இணையை வெறும் ஷேராக மாற்றினால் ஒரு வேறுபாடு: மூலம் (பகிரப்படும் ஸ்ட்ரீம்) நிறைவடைந்தபின் தாமதமாக வருபவருக்கு ஷேர் மூலத்தை மறுபடி தொடங்கும். மூலம் எச்டிடிபி என்றால் இன்னொரு கோரிக்கை. வேண்டாமென்றால் ரீசெட்-ஆன்-கம்ப்ளீட்டைப் பொய் ஆக்குங்கள்.

பப்ளிஷ்-ரீப்ளே 1, ரெஃப்-கவுன்ட் இணைக்கு டெப்ரிகேட் குறிப்பு சொல்வது: ஷேரின் கனெக்டரில் ரீப்ளே-சப்ஜெக்ட் 1 (கடைசி ஒரு மதிப்பை நினைவில் வைப்பது), மூன்று ரீசெட் அமைப்புகளும் பொய். ஆனால் பழைய இணை, கடைசி சப்ஸ்கிரைபர் போனதும் மூலத்தை அறுத்தது. ரீசெட்-ஆன்-ரெஃப்-கவுன்ட்-ஜீரோ பொய் என்றால் ஷேர் அறுக்காது. இன்டர்வலோ வெப்சாக்கெட்டோ மூலமாக இருந்தால் யாரும் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். திரையைத் திறந்து மூடினாலும் ஓயாது. உண்மை என்று வைத்தால் மூலம் அறுபடும், கூடவே நினைவிலிருந்த மதிப்பும் போய்விடும்.

இரண்டுக்கும் நடுவே, உண்மை, பொய்க்குப் பதில் ஒரு ஃபங்ஷன் கொடுத்து டைமரைத் திருப்பலாம். டைமர் 30000 என்றால் கடைசி ஆள் போய் 30 நொடி காத்திருந்து அறுக்கும். அதற்குள் யாராவது வந்தால் தொடரும். திரைகள் வந்துபோகும் செயலிகளுக்கு இதுதான் நல்ல தேர்வு. பழைய நடத்தை எழுத்து மாறாமல் வேண்டுமென்றால், ரீப்ளே-சப்ஜெக்ட்டை வெளியே ஒரு முறை உருவாக்கி, கனெக்டர் அதையே திருப்பும்படி எழுதி, ரெஃப்-கவுன்ட்-ஜீரோவை மட்டும் உண்மை ஆக்குங்கள்.

ரீசெட்-ஆன்-எரர் பொய் என்றால் ரீப்ளே-சப்ஜெக்ட் பிழையையும் நினைவில் வைத்து, வருபவர் எல்லோருக்கும் கொடுக்கும். அந்த ஷேருக்குக் கீழே எண்ணிக்கை வரம்பில்லாத ரீட்ரை இருந்தால் அதே பிழை உடனுக்குடன் திரும்பி வந்து பிரவுசர் டேப் உறைந்துவிடும். ரீட்ரையை ஷேருக்கு மேலே ஏற்றுங்கள், அல்லது இந்த அமைப்பை உண்மை ஆக்குங்கள்.

ஷேர்-ரீப்ளே டெப்ரிகேட் ஆகவில்லை. எண் மட்டும் கொடுத்தால் அதில் ரெஃப்-கவுன்ட் இயல்பாகப் பொய். நிறைவடையாத மூலத்துக்கு அதை உண்மை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இம்போர்ட்டுகள் கடைசியில்

7.2 முதல் ஆப்பரேட்டர்களை ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்ற முதன்மைப் பாதையிலிருந்தே எடுக்கலாம். ஆப்பரேட்டர்ஸ் உள்பாதை டெப்ரிகேட் ஆனது. இதை முதலில் செய்யாதீர்கள். மெர்ஜ், கான்கேட், ஜிப், ரேஸ், கம்பைன்-லேட்டஸ்ட் ஆகிய பெயர்கள் உள்பாதையில் ஆப்பரேட்டர்கள், முதன்மைப் பாதையில் ஸ்ட்ரீமை உருவாக்கும் ஃபங்ஷன்கள். பாதையை மட்டும் மாற்றினால் பைப்புக்குள் ஆப்பரேட்டருக்குப் பதில் ஒரு அப்சர்வபிள் வந்து உட்காரும். டைப்ஸ்கிரிப்ட் பிடித்துவிடும், வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓடும்போதுதான் தெரியும். முதலில் ஐந்துக்கும் மெர்ஜ்-வித், கான்கேட்-வித் என்று வித் ஒட்டுங்கள், பிறகு பாதை. பார்ட்டிஷனும் இந்த வகைதான்: ஆப்பரேட்டர் வடிவம் போகிறது, மூலத்தை முதல் ஆர்குமென்ட்டாக வாங்கும் ஃபங்ஷன் நிற்கிறது.

எல்லாம் முடிந்ததும் நோ-டெப்ரிகேட்டட் விதியை எச்சரிக்கையிலிருந்து பிழை அளவுக்கு உயர்த்துங்கள்.