"சார், தேர் பறக்குது": கிராபிக்ஸ் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் ஒரு மாணவன் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தான். "சார், தேர் பறக்குது." நான்கு சக்கரம், இரண்டு பெட்டி, மேலே ஒரு கூம்பு என்று சின்னதாக ஒரு தேரைப் புரோகிராமில் செய்திருந்தான். நின்ற இடத்தில் மெதுவாகத் திரும்ப வேண்டிய தேர், திரையை விட்டு வெளியே போய் ஒரு பெரிய வட்டம் அடித்துவிட்டு வந்தது. இரண்டு நாளாக அவன் செய்தது ஒன்றுதான்: 10 என்ற எண்ணை 8 ஆக்கிப் பார்ப்பது, அப்புறம் 6.5 ஆக்கிப் பார்ப்பது.

மதுரையில் மாலை நேரங்களில் கிராபிக்ஸ் பாடம் சொல்லிக்கொடுப்பதில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். படம் சரியாக வரவில்லை என்றால் காரணத்தைத் தேடுவதில்லை, கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை எண்களைத் தட்டிக்கொட்டுகிறார்கள். சில நேரம் சரியாகவும் வந்துவிடும், அதுதான் ஆபத்து. கேமராவைக் கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி கோணிக்கொள்ளும்.

தேருக்கு வருவோம். கணினியில் சுழற்சி அணி எப்போதும் மையப்புள்ளியை, அதாவது எல்லா அளவும் 0 ஆக இருக்கும் இடத்தை, சுற்றித்தான் திருப்பும். தேரை முதலில் 10 அடி தள்ளி வைத்துவிட்டு அப்புறம் சுழற்றினால், கோயிலை நடுவில் வைத்து மாசி வீதிகளைச் சுற்றுவதுபோல மையத்தைச் சுற்றி வரும். முதலில் மையத்திலேயே சுழற்றிவிட்டு அப்புறம் தள்ளினால், பம்பரம்போல நின்ற இடத்தில் சுற்றும். தள்ளுவதற்கு ஒரு அணி (மேட்ரிக்ஸ்), சுழற்றுவதற்கு ஒரு அணி. இரண்டு வழியிலும் அதே இரண்டு அணிகள்தான், பெருக்கும் வரிசைதான் வேறு. அ பெருக்கல் ஆ, ஆ பெருக்கல் அ இரண்டும் அணிகளில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று பிளஸ் டூவில் படித்ததை இங்கேதான் கண்ணால் பார்க்கிறோம். புள்ளியின் எண்களை நிரலாக (மேலிருந்து கீழாக) எழுதும் புத்தகத்தில் வலது ஓரத்து அணி முதலில் வேலை செய்யும், நிரையாக (இடமிருந்து வலமாக) எழுதும் புத்தகத்தில் இடது ஓரத்து அணி. ஒன்றிலிருந்து பாதி, இன்னொன்றிலிருந்து பாதி என்று வரிகளை எடுத்து ஒட்டினால் தேர் பறக்காமல் என்ன செய்யும்?

இதன் தம்பி ஒன்று உண்டு: கோணம். 90 பாகை என்று நினைத்து சைன் சார்புக்கு 90 என்று கொடுப்பார்கள். பெரும்பாலான புரோகிராம் மொழிகளில் அது ரேடியன் என்ற வேறு அலகில்தான் கேட்கும். விடை 1 வராது, 0.894 வரும். கிட்டத்தட்டச் சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

சேருவதற்கு முன்பே செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது. "கிராபிக்ஸ்னா சினிமாவா, பிளக்ஸ் போர்டா?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு என்னிடம் ஒரே பதில்: செமஸ்டர் வாரியாகப் பாடப் பட்டியலைப் பாருங்கள். கணினி அறிவியலுக்குள் வரும் கிராபிக்ஸில் கோடு வரையும் முறை, உருமாற்றம், முப்பரிமாணத்தைத் தட்டையாக்குவது, ஒளியைக் கணக்கிடுவது என்று கணக்கும் புரோகிராமும்தான். அனிமேஷன், விஷுவல் கம்யூனிகேஷன் பக்கம் போனால் ஓவியம், நிறம், அசைவு, கேமரா. படம் வரையப் பிடிக்கும் என்று முதலாவதில் சேர்ந்து அழுபவர்களையும், கோடிங் பிடிக்கும் என்று இரண்டாவதில் சேர்ந்து கொட்டாவி விடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். எங்கே சேர்ந்தாலும் சாஃப்ட்வேரை மட்டும் கற்றுக்கொண்டு கிளம்ப வேண்டாம். அதன் பட்டன்கள் ஒவ்வொரு பதிப்பிலும் இடம் மாறுகின்றன. ஐபிஎம்மில் இருந்த ஜாக் பிரெசன்ஹாம் 1962-இல் முழு எண் கூட்டல் கழித்தலை மட்டும் வைத்துக் கோடு வரையச் செய்த முறை இன்றும் பாடத்தில் இருக்கிறது. பலர் அதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு கோட்டைக் கையால் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

ஒளி விஷயத்துக்கு வருகிறேன், இது கொஞ்சம் நீளும்.

திருமலை நாயக்கர் மகாலுக்கு மொபைலோடு போய்த் தூணைப் படம் எடுத்துவந்து மாடலுக்குத் தோலாகப் போர்த்துவது இங்கே எல்லாரும் செய்வது. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் எடுத்தால் நிழலும் படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் கணினியில் விளக்கை வேறு பக்கம் வைத்தால், ஒரே தூணில் இரண்டு சூரியன் அடித்தமாதிரி இருக்கும். மேகம் மூடிய காலையில் போங்கள். மதுரையில் அதற்கு ஐப்பசிவரை காத்திருக்க வேண்டியிருக்கலாம், அது வேறு விஷயம். இன்னொன்று: அந்த மகால் தூண்கள் ஒன்றுபோல இருப்பவை. ஒரு தூணைச் செய்து, அதையே பிரதிகளாக நிறுத்தினால் மெமரி மிச்சம். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் அந்தக் குறுக்குவழி செல்லாது, அங்கே சிற்பத்துக்குச் சிற்பம் வேறு.

படத்துக்குள் இருக்கும் எண்ணும் வெளிச்சமும் ஒன்று என்று நினைப்பது அடுத்தது. ஒரு புள்ளியின் வெளிச்சம் 0 முதல் 255 வரை ஒரு எண்ணாக இருக்கும். 255-இல் பாதி ஏறத்தாழ 128. ஆனால் திரையில் 128 தரும் வெளிச்சம், முழு வெளிச்சத்தில் ஏறத்தாழ 22 சதவீதம்தான். நம் கண் இருட்டில் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும் என்பதால், இருண்ட பக்கத்துக்கு அதிக எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நிறப்படத்தின் எண்களை உண்மையான வெளிச்ச அளவுக்கு மாற்றி, அதாவது நேராக்கி எடுத்துத்தான் ஒளிக்கணக்குப் போட வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண சாஃப்ட்வேர் அதைத் தானாகவே செய்துவிடும். சிக்கல் நார்மல் மேப்பில் வருகிறது. அதில் இருப்பது நிறமே இல்லை, மேற்பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற எண்கள். அங்கே 128, அதாவது முழு அளவில் 0.5, என்றால் "சாய்வு இல்லை" என்று பொருள். அதையும் நிறம் என்று எடுத்து நேராக்கினால் 0.5 என்பது 0.22 ஆகிவிடும், சமதளமான சுவர் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பிளெண்டரில் அந்தப் படத்துக்கு "நான்-கலர்" என்று மாற்றினால் போதும். ஒரே ஒரு கிளிக். இதற்காக மூன்று நாள் விளக்கை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பெண்ணை எனக்குத் தெரியும்.

கோபுரம் மினுக் மினுக்கென்று அடித்துக்கொள்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது, கேமராவின் அருகு எல்லையை (இதைவிடப் பக்கத்தில் இருப்பதை வரையாமல் வெட்டிவிடும் தூரம்) என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை. எதுவும் வெட்டுப்படக் கூடாது என்று 0.001 மீட்டர் வைத்திருப்பார்கள். எது முன்னால், எது பின்னால் என்று குறித்துவைக்கும் ஆழக் கணக்கு, தூரத்தைச் சமமாகப் பங்கு போடுவதில்லை. வழக்கமான முறையில் அதன் பாதி இடம் அருகு எல்லைக்கும் அதன் இரண்டு மடங்குக்கும் நடுவிலேயே செலவாகிவிடும். அதாவது லென்ஸுக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர்வரை. தூரத்துக் கோபுரத்துக்கு மிச்சம் மீதிதான். 0.1 என்று வையுங்கள், மினுக்கல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அளவும் அப்படித்தான். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் மண்பானை 0.64 விநாடியில் தரையைத் தொடும். அதே காட்சியை நூறு மடங்கு பெரிதாகச் செய்துவைத்தால் 6.4 விநாடி ஆகும். பார்க்கிறவர் "ஸ்லோமோஷன் போட்டியா?" என்பார். இங்கே தப்பு அளவுகோலில், ஈர்ப்பு விசையை ஏற்றிவைப்பது வைத்தியம் ஆகாது.

தமிழ் எழுத்தை யாரும் பாடமாக நடத்துவதில்லை, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். "கொ" என்பது யூனிகோடில் ககரமும் அதன் பின்னால் ஒகரக் குறியும். திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால். ஒவ்வொரு குறியாக எடுத்து வரிசையாக ஒட்டும் புரோகிராம் எழுதினால் "மதுரை"யில் ஐகாரக் குறி ரகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கோயிலுக்குப் புள்ளிவட்டம் முளைக்கும். எழுத்தை வடிவமைத்துக் கொடுக்க ஹார்ஃப்பஸ் போன்ற தயார் புரோகிராம் தொகுப்புகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். போட்டோஷாப்பில் உடைந்தால் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவுக்கு ஓடிவிடுகிறார்கள். அவசரத்துக்கு ஓடலாம். ஆனால் பாமினியில் "அம்மா" என்று இருப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மா அப்படியே தெரிவாள்.

வேலை கேட்கும்போது காட்டும் ஷோரீல் வீடியோ பற்றியும் கொஞ்சம்: பிளெண்டர் பழகும் ஊரே செய்த டோனட்டை அதில் வைக்காதீர்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975-இல் தன் வீட்டுத் தேநீர்க் கெண்டியைப் பார்த்து மாடல் செய்தார். கைப்பிடியில் ஓட்டை, வளைந்த மூக்கு, தன் மேலேயே விழும் நிழல் என்று சோதிக்க வேண்டிய எல்லாம் அதில் இருந்ததால் கிராபிக்ஸ் உலகமே அதை எடுத்துக்கொண்டது. உங்கள் வீட்டில் குத்துவிளக்கு இருக்கிறது, இட்லிக் கொப்பரை இருக்கிறது. எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

நிறத்தைத் திரையில் பார்த்து நம்பிய என் கதையும் உண்டு. படித்து முடித்த வருடம் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகையை நான்தான் செய்தேன். பளீரென்ற கிளிப்பச்சை. திரை வெளிச்சத்தால் காட்டுகிற அந்தப் பச்சையை நான்கு மைகளால் தாளில் கொண்டுவர முடியாது என்று வகுப்பில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அச்சுக்கான நிறத்துக்கு மாற்றிப் பார்க்காமலே சிவகாசிக்கு அனுப்பிவிட்டேன். ஐந்நூறு பத்திரிகை வந்து இறங்கியது. சித்தி ஒன்றைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "ஏம்ப்பா, வெந்தயக்கீரை கலர்ல அடிச்சிருக்கானுங்க?" என்றார். அடித்தவர்கள் மேல் தப்பில்லை என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.